வீட்டுப்பாடம் எங்கே தடைபடுகிறது? இணையதள உருவாக்கம் கற்கத் தொடங்கியவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரங்களில் இணையப் பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ், செயல்பாட்டை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்று மொழிகளையும் முதன்முதலாகக் கற்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. கல்லூரியில் பாடமாகப் படிப்பவர்களும், மாலை நேரப் பயிற்சி மையத்திற்குப் பேருந்து பிடித்து வருபவர்களும், வீட்டிலிருந்தே காணொளி பார்த்துக் கற்பவர்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்கிற அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே சென்று, முதலில் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, பிறகு தீர்வைக் கைக்கொள்ளுங்கள். சோதிக்காமலேயே “எனக்குக் கோடிங் வராது” என்று முடிவு கட்டிக்கொண்டு படிப்பை நிறுத்திவிடுகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குத் தடையாக இருந்தது அறிவுக் குறைவு அன்று, வீட்டுப்பாடம் செய்த முறையே என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறிகளுக்குள் செல்லும் முன், வீட்டுப்பாடத்தில் ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முடிந்த பக்கம் ஒன்று திரையில் தெரிய வேண்டும் என்பது அந்த எதிர்பார்ப்பின் சிறு பகுதிதான். அந்தப் பக்கத்தின் எந்த வரியைச் சுட்டிக்காட்டி “இது எதற்கு?” என்று கேட்டாலும் நீங்கள் விடை சொல்ல வேண்டும், அந்த வரியை நீக்கினால் திரையில் என்ன மாறும் என்பதை நீக்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்கு ஒன்றரை மணி நேர வீட்டுப் பயிற்சி தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கிய பிறகு அது இரண்டு மணி நேரமாகும். ஒப்படைக்கும்போது பக்கத்துடன் மூன்று வரிக் குறிப்பும் எழுத வேண்டும்: எதைச் செய்தீர்கள், எங்கே தடைபட்டீர்கள், எது இன்னும் விளங்கவில்லை. இந்த மூன்றாம் வரியை வெறுமையாக விட்டு வருபவரைவிட, அதை நிரப்பி வருபவருக்கே அடுத்த வகுப்பு அதிகமாகப் பயன்படும்.

வகுப்பில் எல்லாம் புரிகிறது. வீட்டில் வெற்றுக் கோப்பின் முன் கை ஓடவில்லை

இதுவே மிகப் பரவலான அறிகுறி. மற்ற பல அறிகுறிகளுக்கும் வேர் இதுவே.

சோதனை: குறிப்பேட்டை மூடுங்கள். காணொளியை நிறுத்துங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, நேற்று வகுப்பில் செய்த பக்கத்தின் அமைப்பை நினைவிலிருந்து மட்டும் பத்து நிமிடம் எழுதுங்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டால் உங்கள் படிப்பில் குறையில்லை. தொடங்குவதற்கான தயக்கம் மட்டுமே இருக்கிறது, அது நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்காரும் பழக்கத்தால் தீரும். முதல் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் எதுவும் வரவில்லையென்றால், நீங்கள் இதுவரை பாடத்தை அடையாளம் காணக் கற்றிருக்கிறீர்களே தவிர, எடுத்து எழுதக் கற்கவில்லை.

ஆசிரியர் ஒரு டேக்கை (கோணக் குறிகளுக்குள் எழுதும் எச்டிஎம்எல் குறியை) திறந்து மூடுவதைப் பார்க்கும்போது “ஆமாம், தெரியும்” என்று மனம் சொல்கிறது. அந்தத் தெரிதலும், ஒன்றுமில்லாத திரையில் அதே டேக்கைத் தானாக எழுதுவதும் வெவ்வேறு திறன்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், படித்து ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னணியில் இருந்தார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். திரும்பப் படிப்பது தரும் நிறைவு அன்றைய மாலைக்கு மட்டுமே உரியது. அடுத்த வார வகுப்புக்கு அது நம்முடன் வருவதில்லை.

தீர்வு: ஒரே வீட்டுப்பாடத்தை மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் குறிப்பைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் வெட்டி ஒட்டக் கூடாது, ஒவ்வோர் எழுத்தையும் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டாம் நாள் புதிய கோப்பில் நினைவிலிருந்து செய்யுங்கள். நின்றுபோகும் இடத்தில் மட்டும் குறிப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எதற்காகப் பார்த்தீர்கள் என்பதைத் தாளில் ஒரு சொல்லாக எழுதுங்கள். அந்தத் தாளில் சேர்கிற சொற்களே உங்கள் உண்மையான பாடப் பட்டியல். மூன்றாம் நாள் அதே அமைப்பை வேறு பொருளுக்கு மாற்றுங்கள். வகுப்பில் செய்தது உணவகத்தின் விலைப்பட்டியல் என்றால், வீட்டில் உங்கள் ஊர்ப் பேருந்துகளின் நேரப் பட்டியலைச் செய்யுங்கள்: வலங்கைமான், பாபநாசம், நீடாமங்கலம் என ஊர்களை வரிசையில் இட்டு, நேரங்களைப் பத்திகளில் நிரப்புங்கள். அமைப்பு ஒன்றே; உள்ளடக்கம் வேறு. அப்போதுதான் எந்த டேக் எதைத் தாங்குகிறது என்பது கைக்குப் புலப்படும்.

இரண்டாம் நாளன்று, தட்டச்சு செய்யும் முன் எழுதப்போவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “முதலில் அட்டவணை, அதற்குள் ஒரு வரிசை, அதற்குள் தலைப்புக் கட்டங்கள்.” மிருதங்கம் பயில்வோர் சொற்கட்டை முதலில் வாயால் சொல்லிப் பழகிவிட்டுப் பிறகு கையில் வாசிப்பது தஞ்சை மண்ணில் தொன்றுதொட்ட வழக்கம், வாயில் ஒழுங்காக வராதது கையிலும் வராது. வீட்டில் இருப்பவர்கள் வியப்புடன் பார்த்தாலும் பொருட்படுத்த வேண்டாம்.

மாற்றம் செய்தேன், திரையில் ஒன்றும் மாறவில்லை

வீட்டுப்பாட நேரத்தைப் பெருமளவு தின்றுவிடும் அறிகுறி இது. மாணவர் சரியாகவே எழுதியிருப்பார். ஆனால் மாற்றம் தெரியாததால், சரியான வரியையே மீண்டும் மீண்டும் மாற்றிக் கெடுத்துவிடுவார். ஆகவே சிஎஸ்எஸ் வரியைத் தொடுவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள், எளிதில் நேர்வதும் விரைவில் சரிபார்க்க முடிவதும் முதலில் வருமாறு அமைத்திருக்கிறேன்.

முதலில், கோப்பைச் சேமித்தீர்களா என்று பாருங்கள். விஎஸ் கோட் என்ற எழுத்துத் தொகுப்பியைப் பயன்படுத்துபவர்கள் கோப்பின் பெயர் இருக்கும் மேல்பட்டையைக் கவனிக்க வேண்டும். மூடும் குறிக்குப் பதிலாக நிறைந்த வட்டம் தெரிந்தால் கோப்பு இன்னும் சேமிக்கப்படவில்லை. கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தும் பழக்கம் கையில் படியும் வரை, ஃபைல் மெனுவில் உள்ள தானியங்கிச் சேமிப்பை (ஆட்டோ சேவ்) இயக்கிவைக்கலாம்.

அடுத்து, உலாவி காட்டுவது நீங்கள் திருத்துகிற அதே கோப்புதானா என்று உறுதி செய்யுங்கள். பக்கத்தின் முதல் தலைப்பில் “சோதனை 1” என்று எழுதிச் சேமித்து, உலாவியைப் புதுப்பியுங்கள். அந்தச் சொல் தெரியவில்லையென்றால் நீங்கள் ஒரு கோப்பைத் திருத்திக்கொண்டு வேறொரு கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த சுருக்கக் (ஜிப்) கோப்பைப் பிரித்தெடுக்காமல் அதற்குள்ளேயே திறப்பவர்களுக்கும், பதிவிறக்க ஃபோல்டரில் ஒன்றும் டெஸ்க்டாப்பில் ஒன்றுமாக இரு நகல் வைத்திருப்பவர்களுக்கும் இது அடிக்கடி நேரும். ஒரு வீட்டுப்பாடத்திற்கு ஒரே ஃபோல்டர், அதற்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளி இல்லாத பெயர் என்பதை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்.

நோட்பேடில் எழுதுபவர்கள் கோப்பின் பின்னொட்டையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை இயல்பாகவே மறைத்துவிடுவதால், “இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்” என்று நீங்கள் நம்பும் கோப்பு உண்மையில் “இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் டாட் டிஎக்ஸ்டி” என்ற பெயரில் இருக்கக்கூடும். கோப்பு உலாவியின் காட்சிப் பகுதியில் பின்னொட்டுகளைக் காட்டும் தேர்வை ஒருமுறை இயக்கிவிட்டால் இந்தச் சிக்கல் மீண்டும் வராது.

நான்காவது, சிஎஸ்எஸ் கோப்பு பக்கத்துடன் இணைந்திருக்கிறதா? சிஎஸ்எஸ் கோப்பின் முதல் வரியில் பக்கம் முழுவதற்கும் சிவப்புப் பின்னணி கொடுத்துப் பாருங்கள். சிவக்கவில்லையென்றால் இணைப்பு வரியில் உள்ள பாதை தவறு; எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தைப் புதுப்பித்தால், கிடைக்காத கோப்பின் பெயர் சிவப்பில் தெரியும். சிவந்துவிட்டது, ஆனால் உங்கள் வரி மட்டும் வேலை செய்யவில்லை என்றால், எலிமென்ட்ஸ் பகுதியில் அந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உங்கள் வரி குறுக்குக் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தால் வேறொரு விதி அதைவிட வலுவாக இருக்கிறது என்று பொருள். வரியே அங்கு இல்லையென்றால் தேர்வுக்குறி (செலக்டர்) தவறு, பெரும்பாலும் சிஎஸ்எஸ் கிளாஸ் பெயரின் முன் வர வேண்டிய புள்ளி விடுபட்டிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பழைய பக்கமே வந்தால், உலாவி முன்பு சேமித்துவைத்த நகலைக் காட்டுகிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் புதுப்பியுங்கள்.

இதனுடன் சேர்ந்த இன்னொரு அறிகுறி உண்டு: வீட்டில் தெரிந்த படம், பக்கத்தை இணையத்தில் வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றியதும் மறைந்துவிடும். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதுகிறது. கிட்ஹப் பேஜஸ் அவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கருதுகிறது. கேமராவிலிருந்து வரும் படங்களின் பின்னொட்டு பல நேரங்களில் பெரிய எழுத்துகளில் இருக்கும். தாராசுரம் கோயில் படத்தைச் சிறிய எழுத்தில் அழைத்து, கோப்பைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தால், உங்கள் கணினியில் கோபுரம் தெரியும், ஆசிரியரின் கணினியில் உடைந்த படக்குறிதான் தெரியும்.

தமிழில் எழுதிய பக்கம் வேற்றுக் குறிகளாகத் தெரிகிறது

சொந்த ஊரைப் பற்றிய பக்கத்தைத் தமிழில் செய்யும்படி நான் வலியுறுத்துவது வழக்கம். அதனால் இந்த அறிகுறியும் அடிக்கடி வருகிறது. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் இடத்திலும் தலையில் கோடும் புள்ளியும் ஏறிய லத்தீன் எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால், உலாவி எழுத்துக் குறியீட்டைத் தவறாக ஊகித்திருக்கிறது. யுனிகோடின் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று பக்கம் சொல்லாவிட்டால், உலாவி அவற்றைத் தனித்தனி எழுத்துகளாகப் படித்துவிடக்கூடும். யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரி ஹெட் பகுதியின் முதல் வரியாக இருக்க வேண்டும். அது கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வந்துவிட வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. அதற்கு முன் நீண்ட தமிழ்த் தலைப்பையும் விளக்கத்தையும் வைத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. ஒரு கணினியில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் தெரிவது ஊகத்தின் விளைவே. ஆகையால் “என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது” என்பதை இதற்கு விடையாகக் கொள்ளாதீர்கள்.

கோடில்லாத சாதாரண ஆங்கில எழுத்துகள் பொருளற்ற கலவையாகத் தெரிந்தால் காரணம் வேறு. அச்சகத்திலோ டிடிபி கடையிலோ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட திருவிழா அழைப்பிதழையோ தல வரலாற்றையோ நீங்கள் நகலெடுத்திருக்கிறீர்கள். அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. மெட்டா வரி எதுவும் இதைச் சரி செய்யாது. எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டு யுனிகோடாக மாற்றி எடுங்கள், அல்லது தமிழ்99 விசைப்பலகையில் நீங்களே மீண்டும் தட்டச்சு செய்யுங்கள். சிறிய பத்தியாக இருந்தால் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் மாற்றி தரும் உரையில் ஒற்றுப் பிழைகளும் கொம்பு இடம் மாறிய சொற்களும் எஞ்சிவிடுகின்றன. நம் ஊர்க் கோயிலின் பெயரைப் பிழையுடன் வெளியிடுவது சரியன்று.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வரை நன்றாகப் போயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது

இந்த இடத்தில்தான் அதிகமான மாணவர்கள் படிப்பைக் கைவிடுகிறார்கள். நேற்று வரை செய்ய முடிந்தது இன்று முடியவில்லை என்ற ஏமாற்றம் அவர்களை வாட்டுகிறது. காரணத்தை அறிந்தால் அந்த ஏமாற்றம் குறையும்.

எச்டிஎம்எல்லில் ஒரு டேக்கை மூட மறந்தால் உலாவி தானே ஊகித்து மூடிக்கொள்கிறது. சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி தவறாக இருந்தால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை. இலக்கணத்தில் ஓர் அடைப்புக்குறி குறைந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் இயங்காது. நீங்கள் முன்பும் இதே அளவு பிழைகள் செய்திருப்பீர்கள். உலாவி அவற்றைப் பொறுத்துக்கொண்டது, இப்போது பொறுத்துக்கொள்வதில்லை. ஆகையால் படிக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும்: முப்பது வரி எழுதிவிட்டுப் பார்க்கும் முறையைக் கைவிட்டு, இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை சேமித்து, எஃப்12 விசையில் திறக்கும் கன்சோலை (பிழைச் செய்திகள் வரும் பகுதியை) பாருங்கள். பிழை வந்தால் அது கடைசியாக எழுதிய மூன்று வரிக்குள் இருக்கும் வாய்ப்பே அதிகம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் கன்சோலின் சிவப்பு வரியைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மிகச் சிலவே. அவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவையுங்கள். “சின்டாக்ஸ் எர்ரர்” என்றால் எழுத்திலக்கணப் பிழை: அடைப்புக்குறி, மேற்கோள்குறி, காற்புள்ளி ஆகியவற்றைப் பாருங்கள். “நாட் டிஃபைன்ட்” என்றால் அந்தப் பெயரில் எதுவும் அறிவிக்கப்படவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. “கெனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்” என்றால் நீங்கள் தேடிய உறுப்பு பக்கத்தில் கிடைக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்திக்கு இரு காரணங்கள் உண்டு: ஐடி பெயரைப் பிழையாக எழுதியிருக்கலாம், அல்லது ஹெட் பகுதியில் இருக்கும் ஸ்கிரிப்ட், பக்கத்தின் உடல் உருவாகும் முன்பே ஓடியிருக்கலாம். இரண்டாவதானால், ஸ்கிரிப்ட் தனிக் கோப்பாக இருக்கும்போது, அதை அழைக்கும் ஸ்கிரிப்ட் டேக்கில் டிஃபர் என்ற சொல்லைச் சேருங்கள். ஒவ்வொரு செய்தியின் வலப்பக்கத்திலும் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் மேல் சொடுக்கினால் நேரே அந்த வரிக்குக் கொண்டு செல்லும்.

பிழைச் செய்தியே வராமல் விடை மட்டும் தவறாக வருவது இதைவிடக் கடினம். ஒரு வீட்டுப்பாடத்தைச் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாக எடுக்கிறார்கள். இரண்டு வயல்களின் சிப்ப எண்ணிக்கையை இரண்டு பெட்டிகளில் வாங்கி, கூட்டி, மொத்த எடையைக் காட்ட வேண்டும். ஒரு வயலில் 12, மற்றொன்றில் 8 என்று கொடுத்தால், பலருக்கும் 20 சிப்பம் என்பதற்குப் பதில் 128 சிப்பம் என்று வருகிறது. உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வருவது எப்போதும் உரை. உரையுடன் உரையைக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிவிடுகிறது. அதன்பின் 40 ஆல் பெருக்கும்போது, பெருக்கலுக்கு உரை பொருந்தாது என்பதால் அது தானாகவே எண்ணாக மாற்றப்பட்டு 5120 கிலோ என்ற விடை வருகிறது. சரியான விடை 800 கிலோ. கூட்டுவதற்கு முன் இரண்டையும் நம்பர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையைக் கொண்டு எண்ணாக மாற்ற வேண்டும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க, விடையை முதலில் தாளில் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் கன்சோலில் மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். தாளில் விடை இல்லாதவருக்கு 5120 என்பது தவறாகவே தோன்றாது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இதை உடனே பிடித்துவிடுகிறார்கள், ஏனெனில் அந்த இரண்டு வயல்களில் 128 சிப்பம் விளையுமா விளையாதா என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த வீட்டுப்பாடத்தையும் உங்களுக்கு விடை தெரிந்த பொருளில் செய்யுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் பயன்படவில்லை

சோதனை: நீங்கள் அனுப்பிய செய்தியை, உங்கள் திரையைப் பார்க்க முடியாத ஒருவர் படித்தால் பிழையை ஊகிக்க முடியுமா? “சார், வேலை செய்யவில்லை” என்ற வரியும், கைபேசியில் சாய்வாக எடுத்த திரையின் படமும் ஊகிக்க இடம் தருவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு அதைப் பெறும் ஆசிரியரோ மூத்த மாணவரோ, திரும்பக் கேட்கவே நான்கு செய்திகள் அனுப்ப வேண்டியிருக்கும்.

இவ்வாறு எழுதிப் பாருங்கள்: “அக்கா, வணக்கம். சிப்பக் கணக்குப் பக்கத்தில் 12, 8 என்று கொடுத்தால் 20 வர வேண்டும், 128 வருகிறது. கன்சோலில் பிழை எதுவும் இல்லை. கூட்டல் இருக்கும் வரி 14. கூட்டல் குறியை மாற்றிப் பார்த்தேன், பெருக்கலைத் தனியாகச் சோதித்தேன், அது சரியாக இருக்கிறது. வரி 10 முதல் 16 வரை கீழே ஒட்டியிருக்கிறேன்.” இதில் எதிர்பார்த்தது, நடந்தது, முயன்றது, நிரல் ஆகிய நான்கும் இருக்கின்றன. இப்படி எழுதும்போதே பாதிப் பிழைகள் எழுதுபவருக்கே புலப்பட்டுவிடும். அனுப்பத் தேவையே இராது.

கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் தாமே முயல வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இருபது நிமிடம் போதும். ஐந்து நிமிடத்தில் கேட்பவர் தேடும் பழக்கத்தை இழக்கிறார். இரண்டு மணி நேரம் தனியே போராடுபவர் அடுத்த நாள் உட்காரும் மனத்தையே இழக்கிறார். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் சிலர், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று வாரக்கணக்கில் காத்திருப்பதைப் பார்க்கிறேன். கேள்வி கேட்பது வீட்டுப்பாடத்தின் ஒரு பகுதி. அதற்கு மதிப்பெண் ஒதுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், எல்லோரும் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது, ஆனால் விளக்கச் சொன்னால் வாய் வரவில்லை

நண்பர் அனுப்பிய கோப்பாக இருக்கலாம், சாட்ஜிபிடி எழுதித் தந்ததாக இருக்கலாம், காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சோதனை ஒன்றே: ஏதேனும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அதை நீக்கினால் என்ன ஆகும் என்பதைத் தாளில் எழுதுங்கள், பிறகு நீக்கிப் பாருங்கள். ஐந்து வரிகளுக்கு இதைச் செய்யுங்கள். மூன்றுக்கு மேல் சரியாகச் சொல்ல முடிந்தால், எங்கிருந்து வந்திருந்தாலும் அந்தப் பாடம் உங்களுடையதாகிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் ஒப்படைக்காதீர்கள்; பாதி முடிந்த சொந்தப் பக்கத்தை ஒப்படையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை முற்றிலும் விலக்கச் சொல்ல மாட்டேன். ஆங்கிலப் பிழைச் செய்தியைத் தமிழில் விளக்கச் சொல்வதற்கும், நீங்கள் எழுதிய பத்து வரியில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பதற்கும் அவை நன்கு உதவும். “எழுதிக் கொடு” என்று கேட்பது மட்டும், முதல் ஆறு மாதத்திற்கு வேண்டாம். அவை தரும் விளக்கத்தை எம்டிஎன் தளத்தில் அதே டேக்கின் அல்லது அதே பண்பின் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். மொசில்லா நிறுவனம் 2005இல் தொடங்கிய அந்தத் தளம் இலவசமானது, அதன் எடுத்துக்காட்டுகளை அங்கேயே மாற்றி இயக்கிப் பார்க்கலாம்.

செய்து வைத்தது தொலைந்துவிட்டது

சோதிக்க ஒன்றுமில்லை. நாள்தோறும் முடிக்கும்போது ஃபோல்டரைக் கிட்ஹப்பில் ஏற்றுங்கள். அதற்கான கருவியான கிட் கற்கும் வரை, ஃபோல்டரின் நகலுக்கு அன்றைய தேதியைப் பெயராக இட்டு, பென் டிரைவில் வையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் நாகை, திருவாரூர் மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரே மடிக்கணினியில் மட்டும் வேலையை வைத்திருப்பது கடலோர மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது.

நேரம் கிடைக்கவில்லை, தொடர்ச்சி விட்டுப்போகிறது

இதைச் சோம்பல் என்று கருதும் ஆசிரியர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்கப்படும் ஆண்டுகளில் குறுவை நடவும், பின்னர் சம்பா, தாளடி வேலைகளும், தை மாசியில் அறுவடையும் வீட்டில் ஒவ்வொருவரின் நேரத்தையும் கேட்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் நிலையாக இருப்பதில்லை. இவை முன்கூட்டியே தெரிந்தவை. ஆகையால் முன்கூட்டியே திட்டமிடவும் முடியும்.

சோதனையாக, ஒரு வாரம் நீங்கள் உண்மையில் எந்த நேரத்தில் கணினி முன் உட்கார்ந்தீர்கள் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். ஞாயிறு அன்று மட்டும் ஆறு மணி நேரம் என்று இருந்தால், அதே ஆறு மணி நேரத்தை ஐந்து நாள்களுக்குப் பிரியுங்கள். 1885ஆம் ஆண்டு ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மைத்தாமே சோதித்து வெளியிட்ட நினைவாற்றல் ஆய்விலிருந்தே, இடைவெளி விட்டுப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதைவிட நிலைக்கும் என்பது அறியப்பட்டிருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லையென்றால் முப்பது நிமிடம் வைத்துக்கொண்டு, அதில் நினைவிலிருந்து எழுதும் பத்து நிமிடத்தை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

இணையம் இல்லாததைத் தடையாகக் கொள்ள வேண்டியதில்லை. இந்த மூன்று மொழிகளின் தொடக்கப் பயிற்சிக்கு உலாவியும் ஓர் எழுத்துத் தொகுப்பியும் போதும்; கோப்பு உங்கள் கணினியிலேயே இயங்கும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் செய்தித்தாளில் முன்பே வருகிறது. முந்தைய இரவே மடிக்கணினியை முழுவதுமாக மின்னேற்றி, தேவையான பக்கங்களைச் சேமித்து வையுங்கள். கணினியே இல்லாதவர்கள் பக்கத்தின் அமைப்பைத் தாளில் பெட்டிகளாக வரைந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் டேக்கின் பெயரை எழுதி வரலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறிகளின் மதிப்பை அட்டவணையாக நிரப்பலாம். மையத்தில் கணினி கிடைக்கும் அரை மணி நேரத்தில் தட்டச்சு மட்டுமே மீதமிருக்கும். இதையும் முழுமையான வீட்டுப்பாடமாகவே ஆசிரியர் ஏற்க வேண்டும்.

அறுவடையாலோ தேர்வாலோ காய்ச்சலாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால், வகுப்பு இப்போது நிற்கும் பாடத்திற்குத் தாவ வேண்டாம். விட்ட வகுப்புகளின் காணொளிகளை ஒரே இரவில் பார்த்து முடிக்கவும் வேண்டாம். விடுப்புக்கு முன் கடைசியாக நினைவிலிருந்து எழுதிய பக்கத்தை வெற்றுக் கோப்பில் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் அதற்கு முந்தைய பக்கம். அதுவும் வரவில்லையென்றால் அதற்கும் முந்தையது. எந்தப் பக்கம் குறிப்பின்றி முழுவதும் வருகிறதோ, அதற்கு அடுத்த பாடத்தின் எண்ணைத் தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்து, “சார், நான் இதிலிருந்து தொடங்குகிறேன், இந்த வாரம் இரண்டு பாடங்கள் முடிப்பேன்” என்று சொல்லுங்கள்.